ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: பவுடரில் குறையில்லை, தண்ணீர் அளவில்தான் கோட்டை விடுகிறோம்

பேதியில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு, குளுக்கோஸ் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்றதும் மெடிக்கலுக்கு ஓடி "ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், கையில் வருவது மூன்றில் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட், 200 மில்லிக்கான சின்ன சாஷே, அல்லது ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் டெட்ரா பேக். விலை வித்தியாசத்தைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது, வீட்டில் அதை எப்படிக் கரைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

பவுடர் பாக்கெட்டைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவு இது. ஆரஞ்சு மணம் சேர்த்த பாக்கெட்டில் எடை ஓரிரு கிராம் கூடும், அது பிரச்சினையில்லை. இந்த நான்கு எண்களும் பொருந்தினால் எந்தக் கம்பெனி பாக்கெட்டும் ஒன்றுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவதும் அதே மருந்துதான். "கவர்மெண்ட் பாக்கெட் வேலை செய்யாது" என்று ஒதுக்குவது வீண்.

குளுக்கோஸ் தெம்புக்காகச் சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உப்புக்கு வழி திறந்துவிடுகிறது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போக ஒரு வழி இருக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலை வாய்வழியாகவே கொடுக்கவைத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது இந்த ஒரு வழியை நம்பித்தான். ஆனால் சர்க்கரை அளவு மீறினால் கதை தலைகீழ். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியைக் கூட்டிவிடும்.

டெட்ரா பேக் விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டும். சரியான கரைசலில் 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி விற்ற சில பழச்சுவை பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருடம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உணவுப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் போனாலும் அதே மாதிரி டப்பா அதே அலமாரியில் இருக்கலாம். எளிய சோதனை ஒன்று: மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண் அச்சிட்டிருக்கும், பானம் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கும். முத்திரை இருந்தால் பேதிக்கு வாங்க வேண்டாம். சரியான சேர்மானத்திலேயே டெட்ரா பேக்கில் வருவதும் உண்டு. பயணத்துக்கு நல்லது, விலைதான் அதிகம்.

இனி பவுடரின் உண்மையான பலவீனம். பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. 200 மில்லியில் அது ஐந்து மடங்கு உப்பு. ரத்தத்தில் சோடியம் ஏறி, கைக்குழந்தைக்கு வலிப்பு வரை போகும். "பாதி பாக்கெட் இப்ப, பாதி நாளைக்கு" என்பதும் தப்பு: பொடியில் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்து நிற்காது, எந்தப் பாதியில் எது அதிகம் என்று தெரியாது. சின்ன சாஷேவிலும் ஆபத்து உண்டு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று 150 மில்லி பிடிக்கும், இன்னொன்று 300 பிடிக்கும். ஆகவே டம்ளரை நம்பாதீர்கள். அளவு அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை நம்புங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டில், அல்லது அரை லிட்டர் பாட்டில் இரண்டு முறை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் வேண்டாம். கரைத்த பிறகு சூடாக்கவும் வேண்டாம். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

அதனால் ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எங்கள் தேர்வு 200 மில்லி சாஷே, கூடவே அளவுக் கோடு போட்ட பாட்டில் ஒன்று. பத்து வயதுக்கு மேல், அல்லது டெங்கு காய்ச்சலில் படுத்திருக்கும் காலேஜ் பிள்ளைக்கு, பெரிய பாக்கெட்டே சிக்கனம்.

கொடுக்கும் முறையில்தான் பாதி வெற்றி. நீரிழப்பு தெரியும் குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. எட்டுக் கிலோ குழந்தைக்கு 600 மில்லி வரும். மலைப்பாகத் தோன்றும், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி கொடுத்துக்கொண்டே வந்தால் மணிக்கு 150 மில்லி, நான்கு மணியில் கணக்கு முடிந்துவிடும். பாலாடையிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ, கன்னத்தின் ஓரமாக விடுங்கள். மடமடவென்று குடிக்கவிட்டால் வாந்தி எடுத்துவிடும். எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனதும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, மோர்சாதம் என்று வழக்கமான சாப்பாடும் போகட்டும். இளநீர் கூடவே கொடுக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகாது.

சுவை பற்றிய புகாருக்கு ஒரு பதில்: வறண்டு கிடக்கும் குழந்தை ஆவலாகக் குடிக்கும், வறட்சி இல்லாத குழந்தை உப்புக் கரிக்கிறது என்று தள்ளிவிடும். லேசாகக் குளிரவைத்தால் பெரிய பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள்.

பாக்கெட்டோடு ஜிங்க் மாத்திரையும் வாங்குங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். 20 மில்லிகிராம், கரையும் வகை. ஆறு மாதத்துக்கு மேல் தினம் ஒன்று, இரண்டு முதல் ஆறு மாதம் வரை பாதி, ஸ்பூனில் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து. பேதி நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வருவதைக் குறைப்பது அதுதான். சிரப் என்றால் 5 மில்லியில் 10 மில்லிகிராமா 20ஆ என்று லேபிளைப் பாருங்கள், இரண்டும் விற்கிறது. பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

மாதத்துக்கு ஒருமுறை மருந்து டப்பாவைத் திறந்து பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். கல்லாகக் கட்டியிருந்தாலோ நிறம் பழுப்பேறியிருந்தாலோ மாற்றுங்கள், ஈரம் புகுந்திருக்கிறது. நடுராத்திரியில் பாக்கெட்டே இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொட்டாசியம் இருக்காது, விடியும்வரை தாங்கும்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, எது கொடுத்தாலும் குடிக்காமல் இருந்தாலோ, கண் உள்வாங்கியிருந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாமல் நின்றாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் இவை எதற்கும் காத்திருக்காதீர்கள். போகும் வழியிலும் ஸ்பூன் நிற்கக் கூடாது. குடிக்கவே முடியாத குழந்தைக்கும் மயங்கிய குழந்தைக்கும் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.