முருங்கை: கீரையா, காயா?

திருவையாற்று வீட்டுக் கொல்லையில் ஒரே மரம், வீட்டுக்குள் இரண்டு கட்சிகள். விருந்தாளி வந்தால் முருங்கைக்காய்ச் சாம்பார். யாரும் வராத நாளில் கீரைப் பொரியல். மரியாதையெல்லாம் காய்க்குத்தான்.

சத்துக் கணக்கு வேறு. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் கீரையில் புரதம் 9.4 கிராம், காயில் 2.1. கால்சியம் கீரையில் 185 மில்லிகிராம், காயில் வெறும் 30. இலையோரம் ஒதுங்கும் சக்கை இந்தக் கணக்கில் சேராது.

வைட்டமின் சி-யில் காய் முந்துகிறது: 141 மில்லிகிராம், கீரையில் ஏறக்குறைய 52. கொதியில் கொஞ்சம் அழியும், கொஞ்சம் குழம்பில் இறங்கும். குழம்பை யார் கொட்டுகிறார்கள்?

என் ஓட்டு கீரைக்கு. ஆய்ந்து முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. அம்மா காய்க் கட்சியில் இருப்பது அதனால்தான்.