தோட்டத்தில் ஓடும் மலை ரயில்: ஐந்து வருஷ அனுபவம்

காரமடையில் எங்கள் வீட்டுப் பின்புறம், தென்னைக்கும் வேம்புக்கும் நடுவே 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு சின்ன ரயில் பாதை போட்டிருக்கிறேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 45 மில்லிமீட்டர். ஊட்டி மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது அந்த இடைவெளி ஒரு மீட்டர், அதை 22.5 மடங்கு சுருக்கினால் ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். மேட்டுப்பாளையத்தில் அந்த வண்டி கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், வேறு எந்த அளவும் மனசுக்குப் பிடிக்கவில்லை.

தண்டவாளம் பித்தளை. துருப்பிடிக்காது என்று வாங்கினேன். துரு பிடிக்கவில்லை, கறுத்துப்போனது. இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போக வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் விரலால் தடவினால் மை ஒட்டியது போல இருக்கும். வண்டி இரண்டடி போகும், நிற்கும். "அப்புச்சி, மறுபடியும் நின்னு போச்சுங்க" என்று பேரன் ஓடி வருவான். அரை மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பத்து நிமிஷம் ஓடும். இணைப்புகளுக்குள் செம்மண், அப்புறம் எறும்பு. மூன்றாம் வருஷம் அந்த முறையையே விட்டுவிட்டேன். இப்போது இன்ஜினோடு கோத்த சரக்குப் பெட்டிக்குள் 14.8 வோல்ட் லித்தியம் பேட்டரி, கையில் ரிமோட். ஒரு சார்ஜுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறது. நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பேட்டரிதான். புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாளே இதில் இறங்கிவிடுங்கள்.

அடுத்தது அடித்தளம். கொத்தனார் கான்கிரீட் போட்டுக் கொடுத்தார், நான் தண்டவாளத்தை அடிக்கொரு திருகாணி வைத்து இறுக்கினேன். சித்திரை மதியம் போய்ப் பார்த்தால் ஒரு துண்டு வில் மாதிரி வளைந்து மேலே நிற்கிறது. 30 டிகிரி சூடு ஏறினால் 24 மீட்டர் பித்தளை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடம் விடாதது என் தப்பு. எல்லாத் திருகாணியையும் கழற்றி, கான்கிரீட் மேல் கிரஷர் தூளும் பொடி ஜல்லியும் பரப்பி, அதில் பாதையைச் சும்மா உட்கார வைத்தேன். மழைத் தண்ணீரும் தேங்குவதில்லை. அதற்கப்புறம் ஒரு இடத்தில்கூட வளையவில்லை.

ஏற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லாறு ஸ்டேஷன் தாண்டி நிஜ ரயில் 12.5 அடிக்கு ஓரடி ஏறுகிறது என்றால், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல் தண்டவாளம் இருப்பதால்தான். நான் பல் இல்லாத வழுவழுப்பான சக்கரத்தை வைத்துக்கொண்டு 20-க்கு ஒன்று என்று ஆசைப்பட்டேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. 40-க்கு ஒன்றாகக் குறைத்த பிறகு நான்கு பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆடிக் காற்றில் வேப்பிலை வந்து மூடும், விளக்குமாறு போதும். தென்னை மட்டை விழுந்தால்தான் பாலம் போச்சு, அதனால் பாலத்தை மரத்தடியிலிருந்து தள்ளி வைத்தேன். சுரங்கத்தைக் கை எட்டும் நீளத்துக்குமேல் கட்டாதீர்கள், மேலே திறக்கிற மூடியும் வையுங்கள். என்னுடையதில் ஒரு நாள் தேள் இருந்தது. இப்போது வண்டியை எடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது பேரனின் வேலை, தொடுவது மட்டும் நான்.