கடலுக்காகவா, காட்டுக்காகவா: கிரேட் ஓஷன் ரோடும் டெய்ன்ட்ரீயும்

ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு காரில் போய்க் கடலோரமும் மழைக்காடும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பாதைகளைச் சொல்வார்கள். தெற்கே விக்டோரியாவின் கிரேட் ஓஷன் ரோடு. வடக்கே குவீன்ஸ்லாந்தில் கெய்ன்ஸிலிருந்து டெய்ன்ட்ரீ மழைக்காடு வழியாகக் கேப் டிரிபுலேஷன் வரை. இரண்டிலும் பிள்ளைகளோடு போய் வந்தாயிற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பது என் கட்சி. தெற்கே போவது கடலுக்காக, நடுவில் கொஞ்சம் காடு வரும். வடக்கே போவது காட்டுக்காக, ஓரத்தில் கடல் இருக்கும்.

முதலில் தூரம். பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் கணக்கு. கிரேட் ஓஷன் ரோடு டார்கீயில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது, சுமார் 240 கிலோமீட்டர். மெல்போர்னிலிருந்து டார்கீக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டும். லார்னிலிருந்து அப்பலோ பே வரை வெறும் 45 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் ஒரு மணி நேரம் நெருங்கிவிடும். எங்கள் சின்னவன் வாந்தி எடுத்தது அங்கேதான். கெய்ன்ஸிலிருந்து கேப் டிரிபுலேஷன் மொத்தமே 140 கிலோமீட்டர் போல. வழியில் இருக்கும் போர்ட் டக்ளஸில் தங்கிக்கொண்டால் அதுவும் பாதியாகிவிடும்.

மெல்போர்னிலிருந்து ஒரே நாளில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' எனப்படும் கடல் பாறைத் தூண்களைப் பார்த்துத் திரும்பலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேரம் பிள்ளைகளின் புலம்பலையும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டு இரவு இல்லையென்றால் தெற்குப் பாதையை விட்டுவிடுங்கள்.

இருந்தால், அதற்கு இணை இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை, பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டே குடைந்த சாலை இது. போரில் இறந்த தோழர்களுக்கான நினைவுச்சின்னமும் இதுவே. கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் கடல் இடப்பக்கம் வரும். அங்கே இடப்பக்கமாக ஓட்டுவதால், எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே போகாமல் அப்படியே ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தது இடிந்த கதைகள். லண்டன் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறை வளைவில் 1990 ஜனவரியில் கரையோடு இணைந்திருந்த பகுதி உடைந்து விழுந்தது. கடலுக்குள் நின்ற மிச்சத்தில் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. அப்போஸ்தலர்களிலும் 2005-ல் ஒரு தூண் சரிந்தது. பன்னிரண்டு என்று பெயர்தான், எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள்.

காடு என்று பார்த்தால் அப்பலோ பே தாண்டியதும் சாலை கடலை விட்டு ஆட்வே மலைக்குள் ஏறுகிறது. மெயிட்ஸ் ரெஸ்ட்டில் 800 மீட்டருக்கு ஒரு சுற்று நடைபாதை. ஆளுயரம் தாண்டிய பெரணிகள், பாசி பிடித்த பீச் (beech) மரங்கள், நல்ல குளிர். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வயதானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அங்கே நின்றால் கடல் தெரியாது.

டெய்ன்ட்ரீயில் காடு மணலைத் தொட்டு நிற்கிறது. 1988-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஈர வெப்பமண்டலக் காடும், 1981-ல் சேர்ந்த பெருந்தடுப்புப் பவளத்திட்டும் சந்திக்கும் கரை அது. டெய்ன்ட்ரீ ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும் ஃபெர்ரியில் காரோடு ஏற வேண்டும். ஐந்து நிமிடக் கடப்புதான், எங்கள் பிள்ளைகள் அதைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள். அக்கரையில் 'காசோவரி நடமாட்டம், மெதுவாகச் செல்லவும்' என்ற பலகைகள். ஆளுயரப் பறவை அது. குஞ்சுகளை வளர்ப்பது அப்பா பறவை. இந்தத் தகவலை என் மனைவி காரில் இரண்டு தடவை சொன்னாள். ஆற்றுக்கு இக்கரையிலேயே இருக்கும் மாஸ்மன் பள்ளத்தாக்கில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான குகு யலாஞ்சி மக்களே வழிகாட்டியாகக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். 2021-ல் டெய்ன்ட்ரீ தேசியப் பூங்காவின் நில உரிமை அவர்களிடமே திரும்பியது.

குறை இல்லாமலா? அந்த அழகான கடலில் நினைத்தபோது இறங்க முடியாது. ஆற்றிலும் கழிமுகத்திலும் கரையோரத்திலும் உவர்நீர் முதலை. நவம்பர் முதல் மே வரை கொடிய பாக்ஸ் ஜெல்லிமீன் வேறு. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் எதற்கு அவ்வளவு தூரம்? நல்ல வேளையாகக் கால் நனைக்க மாஸ்மனின் குளிர்ந்த ஓடை இருக்கிறது, அதுவும் மழை இல்லாத நாளில்தான்.

அதனால் எந்தப் பாதை என்பதைப் பாதி காலண்டரே முடிவு செய்துவிடும். டிசம்பர், ஜனவரி விடுமுறை என்றால் தெற்கே போங்கள். கூட்டம் இருக்கும், பரவாயில்லை. அந்த மாதங்களில் வடக்கே மழையும் புயலும். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலின்போது சரிந்த மண் கெய்ன்ஸ் சாலையையே மூடியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் யோசிக்காமல் வடக்கு. அப்போது தெற்கில் காற்று முகத்தில் அறையும்.

செலவில், வடக்குக்குக் கெய்ன்ஸ் வரை விமான டிக்கெட் கூடும். தெற்கில் இரவுத் தங்கல்கள் கூடும். எந்தப் பக்கம் போனாலும், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆஸ்திரேலியத் தரச்சான்று பெற்ற சீட் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோன சீட் அங்கே செல்லாது, காரோடு சேர்த்தே வாடகைக்குச் சொல்லிவிடுங்கள்.

பாட்டி தாத்தாவும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு என் ஓட்டு ஜூலை மாத டெய்ன்ட்ரீக்கு. கேப் டிரிபுலேஷன் வரை தார்ச்சாலைதான், சாதாரண காரே போதும். அதற்கு மேல் புளூம்ஃபீல்ட் பாதை நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை உள்ள 4WD வண்டிக்கானது, ஆசைப்பட வேண்டாம். அப்புறம், ஃபெர்ரிக்கு முன்னாலேயே மாஸ்மனில் டேங்கை நிரப்பிக்கொண்டு, போனில் மேப்பையும் இறக்கி வைத்துவிடுங்கள். அக்கரையில் சிக்னல் பல இடங்களில் இருக்காது.