பூச்சியைத் தடுக்கும் நெல்லா, வைரஸைத் தடுக்கும் நெல்லா?

எங்களுக்கு நிலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் கொஞ்சம் நஞ்சை. மலைமேல் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பிக்கு நடுவே விருப்பாச்சி வாழை. கீழே நெல்லில் துங்ரோ, மேலே வாழையில் முடிக்கொத்து என்று இரண்டிலும் வைரஸ் நோய் பார்த்தாயிற்று. இந்தத் தடவை நாற்றங்காலுக்கு விதை எடுக்கும்போது மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

"பூச்சி உக்காராத நெல்லாப் பாத்துப் போடு மாப்ளே, வைரஸ் எங்கிருந்து வரப்போகுது?" என்பது அவர் கட்சி. பூச்சி உட்கார்ந்தாலும் உள்ளே வைரஸ் பெருகாத நெல் வேண்டும் என்பது என் கட்சி.

துங்ரோ என்ற பெயர் பிலிப்பைன்ஸின் இலோக்கானோ மொழியிலிருந்து வந்தது. வளர்ச்சி குன்றுவதைக் குறிக்கும் சொல். நோய் ஒன்றுதான், உள்ளே இருக்கும் வைரஸ் இரண்டு. ஒன்று உருண்டை, ஆர்.என்.ஏ. வகை. மற்றது குச்சி போன்றது, டி.என்.ஏ. வகை. இலை மஞ்சளும் ஆரஞ்சுமாகி, தூர் குறைந்து, பயிர் குட்டையாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் குச்சிதான். ஆனால் அதற்குத் தனியாக ஊர் போகத் தெரியாது. நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி உருண்டையையும் உறிஞ்சியிருந்தால்தான் குச்சியை அடுத்த பயிருக்குக் கொண்டுபோக முடியும். உருண்டை மட்டும் தொற்றிய பயிரைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. வண்டி ஒருவனுடையது, திருட்டு இன்னொருவனுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமா கட்சி. தத்துப்பூச்சி வழக்கமாக இலையின் உணவுக்குழாயில் சாறு குடிக்கும். பூச்சி எதிர்ப்புள்ள ரகத்தில் அந்தச் சாறு அதற்கு ஒத்துக்கொள்ளாது. நீர்க்குழாய்க்கு மாறிவிடும், குஞ்சுகளும் பிழைத்துப் பெருகாது. துங்ரோ வைரஸ் குடியிருப்பது உணவுக்குழாய்த் திசுவில்தான் என்பதால் வாசலிலேயே தடுத்த மாதிரி ஆகிறது. இந்த வழிக்கு நல்ல பெயரும் உண்டு. 1969-ல் வந்த ஐ.ஆர்.20 நெல் ரகத்தை மாமா இன்றும் மரியாதையோடுதான் சொல்வார். அதன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்க்குப்பத்து டி.கே.எம்.6.

இதில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒரே எதிர்ப்பை வருஷக்கணக்கில் ஊர் முழுக்க நட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் ஐ.ஆர். வரிசை ரகங்கள் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. இன்னொன்று, வைரஸை ஏற்றிவிட வயிறு நிறையக் குடிக்க வேண்டியதில்லை. சில நிமிஷம் குத்திப் பார்த்தாலே போதும். சாப்பாடு பிடிக்காத பூச்சி ஓரிடத்தில் அடங்கி உட்காராது; பயிர் பயிராகக் குத்திப் பார்த்துக்கொண்டே போகும். பக்கத்து வயலிலிருந்து கூட்டமாக வந்து இறங்கினால் இந்தத் தடுப்பு தாங்காது.

இனி என் கட்சி. இங்கே வேலை செல்லுக்குள் நடக்கிறது. நெல்லுக்கு நம்மைப் போல ரத்தமும் வெள்ளணுவும் கிடையாது. ஆனால் வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை அதன் செல் அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோனாட் என்ற புரதம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் இழை எங்கே இருந்தாலும் தேடி வெட்டும். எதிரியின் ஜாடையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காவல்காரனிடம் கொடுத்த மாதிரி. அந்தச் சீட்டு பக்கத்துச் செல்களுக்கும் போகும்.

குச்சி வைரஸ் இதைச் சமாளிக்கும் விதம்தான் எனக்கு ஆச்சரியம். அதன் பி4 என்ற புரதம், சீட்டு செல்லுக்குச் செல் பரவுவதைத் தடுக்கிறது. போதாததற்குத் தன் டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கும் ஆர்.என்.ஏ.வில், புரதம் செய்யப் பயன்படாத ஒரு பகுதியிலிருந்து ஏராளமான துண்டுகள் உண்டாக விட்டு, காவல்காரனைப் பொய் ஜாடையின் பின்னால் அலையவிடுகிறது. வேறு சில நெல் வைரஸ்கள், பூச்சிக்கு எதிராகவும் வேலை செய்யும் ஜாஸ்மோனிக் அமிலச் சமிக்ஞையையே அமுக்கிவிடும்.

ஆகவே நெல்லின் இந்தப் பொதுக்காவலை மட்டும் நம்பிப் பயனில்லை. என் நம்பிக்கை இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற ரகத்தின்மேல். வைரஸுக்குத் தன் புரதத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது. செடியின் பட்டறையைத்தான் கடன் வாங்கும். அந்தப் பட்டறையில் உள்ள ஒரு புரதம் உத்ரி மேராவில் கொஞ்சம் மாறியிருக்கிறது. உருண்டை வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை. இந்த மரபணுவை 2010-ல் கண்டுபிடித்தார்கள். உருண்டை பெருகாவிட்டால் அந்தப் பயிரிலிருந்து குச்சிக்கு வண்டி இல்லை. பூச்சியைப் பட்டினி போடாமலே பரவலை மட்டும் அறுக்கிறது என்பதால், பழகிக்கொள்ளும் கட்டாயமும் பூச்சிக்கு வருவதில்லை.

என் பக்கமும் ஓட்டை உண்டு. புல்தழைக் குட்டை என்று இன்னொரு வைரஸ் நோய், புகையான் என்ற பூச்சி பரப்புவது. அதற்கு எதிர்ப்பு தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சலித்து, கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டுநெல்லில் கண்டார்கள். அந்த ஒற்றை மரபணுவோடு 1976-ல் வந்த ஐ.ஆர்.36 ஆசியா முழுக்கப் பரவியது. 1980-களின் தொடக்கத்திலேயே அதை மீறும் புது வகை வைரஸ் பிலிப்பைன்ஸில் வந்துவிட்டது. வைரஸும் பழகும்தான். மாமா கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை: "உன் உத்ரி மேரா எந்த விதைக்கடையில கிடைக்குது?" அது வயலுக்கான விதை இல்லை, ரகம் உருவாக்குகிறவர்கள் கலப்புக்கு எடுக்கும் நெல்.

மருந்தடிப்பது மூன்றாவது வழி. நாற்றங்காலில் சரி. நடவு வயலில், வந்த பூச்சி சாவதற்குள் குத்திவிட்டுப் போயிருக்கும். பூச்சியைத் தின்னும் சிலந்தியும் செத்ததுதான் மிச்சம்.

மலைமேல் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. பயிரிடும் வாழையில் முடிக்கொத்தை முழுசாகத் தடுக்கும் ரகம் இல்லை. தத்துப்பூச்சி சில நாளில் வைரஸை இழந்துவிடும், தோலுரித்தாலும் இழக்கும். முடிக்கொத்தைப் பரப்பும் வாழை அசுவினிப் பூச்சியோ ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் பெரும்பாலும் சாகும்வரை சுமக்கும். துங்ரோ விதை வழியாக வராது என்பதால் நெல்லுக்கு ஒவ்வொரு போகமும் புதுக்கணக்கு. வாழையில் தாயின் நோய் கன்றோடு கூடவே வரும். 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேராகச் சுருங்கியதற்குக் காரணம் இதுதான். வைரஸ் சோதனை முடிந்த திசு வளர்ப்புக் கன்றும், நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழிப்பதும்தான் அங்கே வழி. பக்கத்துத் தோட்டக்காரரும் அழிக்க வேண்டும், அதுதான் பாடு.

கடையில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் போகம் மாமா ஜெயித்தார். பூச்சி எதிர்ப்பு ரகம்தான் நாற்றங்காலில் இருக்கிறது. பதிலுக்கு இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். பழைய தாளில் துளிர்த்த மறுதாம்பை முழுக்க மடக்கி உழ வேண்டும். வாய்க்காலோரம் எல்லோரும் ஒரே வாரத்தில் நட வேண்டும். நட்ட பிறகு மஞ்சள் கண்டால், தழைச்சத்துக் குறைவா துங்ரோவா என்று பார்க்க, காலை ஆறு மணிக்கு முன்னால் இலை நுனியை 10 சென்டிமீட்டர் கிள்ளி ஐயோடின் கரைசலில் கால் மணி நேரம் போடலாம். நோய் இருந்தால் ராத்திரியில் வெளியேற வேண்டிய மாவுச்சத்து இலையிலேயே தேங்கி, கருநீலக் கோடாகத் தெரியும். கரைசல் வாங்கி வைத்துவிட்டேன். விடியலில் எழுந்து போகிறவர் யார் என்பதில்தான் இப்போது அடுத்த வாக்குவாதம்.