நான்கு ஆண்டுகளாக ஜிபிளேட்ஸில் கண்டங்களை நகர்த்துகிறேன்

கற்பனை உலகத்துக்கு வரைபடம் போடத் தொடங்கியபோது மலைகளை எனக்குப் பிடித்த இடத்தில் வைத்துவிட்டு, பிறகு அவற்றுக்கேற்பத் தட்டு எல்லைகளை வரைந்தேன் (தட்டு என்பது கண்டத்தையும் கடல்தரையையும் சுமந்து நகரும் பாறை ஓட்டுத் துண்டு). கணக்கு உதைத்தது. வடக்கு மலைத்தொடர் எழ வேண்டுமானால் ஒரு தட்டு கிழக்கே போக வேண்டும். தெற்கே இருக்கும் தீவுச்சரத்துக்கு அதே தட்டு மேற்கே போக வேண்டும். முடிந்த படத்துக்குப் பின்னாலிருந்து வரலாறு எழுத முடியாது என்று புரிந்த பிறகுதான் ஜிபிளேட்ஸுக்கு வந்தேன். இப்போது நான்கு ஆண்டுகள், நான்கு உலகங்கள்.

சிட்னி பல்கலைக்கழகத்தின் எர்த்பைட் குழு முன்னின்று உருவாக்கிய இலவச, திறமூல மென்பொருள் இது. பூமியின் பழைய கண்டங்கள் எங்கே இருந்தன என்று மீட்டுப் பார்க்கப் புவியியலாளர்கள் பயன்படுத்துவது. தானாக எதையும் உருவாக்கித் தராது. எந்தத் தட்டு எப்போது எங்கே இருந்தது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். காலம் 'இத்தனை மில்லியன் ஆண்டுகளுக்கு முன்' என்றே எண்ணப்படும், இன்று என்பது பூஜ்யம். நான் 500-இல் ஒரே பெருங்கண்டத்தோடு தொடங்கி, பத்துப் பத்தாகக் கீழே இறங்குகிறேன்.

என் வரைபடங்களை அடியோடு மாற்றியது கோளத்தின் மேல் வேலை செய்யும் பழக்கம். தட்டையான தாளில் கண்டத்தை அட்டை போல நேராகத் தள்ளிவிடலாம். கோளத்தில் எந்த நகர்வும் ஒரு முனையை, அதாவது கோளத்தின் மேல் உள்ள ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றிய சுழற்சிதான். அந்த முனைக்கு அருகே தட்டு ஊர்ந்து செல்லும், அதிலிருந்து 90 பாகை தள்ளிய இடத்தில் மிக வேகமாக நகரும். அதனால் பிளந்து விரியும் கடல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வருகிறது. அந்த ஆப்பு வடிவத்தைக் கையால் வரைய எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்தது வேகம். ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்றால் மில்லியன் ஆண்டுக்கு 10 கிலோமீட்டர். நான் அதிகம் போடும் கணக்கு இதுதான். அட்லாண்டிக் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விரிகிறது. முகடு என்பது தட்டுகள் விலகும் இடத்தில் கடலடியில் நீளும் மலைத்தொடர்; கிழக்குப் பசிபிக் முகட்டின் வேகமான பகுதிகளில் 15 வரை போகும். என் முதல் உலகத்தில் ஒரு கண்டம் 50 மில்லியன் ஆண்டுகளில் பாதி உலகத்தைக் கடந்திருந்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டர்! அந்தப் பகுதியை முழுக்க அழித்துவிட்டு மறுபடி செய்தேன். இப்போது 2 முதல் 8-க்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

முகடு புதுத் தரையை உண்டாக்கினால், எங்கோ ஓர் அகழி, அதாவது ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் கடலடிப் பள்ளம், பழையதை விழுங்க வேண்டும், கோள் பருக்காது அல்லவா. பூமியில் 200 மில்லியன் ஆண்டுகளைத் தாண்டிய கடல்தரை மிக அரிது. குளிர்ந்து கனத்துப் புதைந்துவிடுகிறது. எரிமலைகள் அகழியின் விளிம்பிலேயே வராது. புதையும் தட்டு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும் இடத்துக்கு மேலே, கரையிலிருந்து உள்ளே தள்ளித்தான் எழும்.

சிரமமும் உண்டு. முகட்டையும் புதுக் கடல்தரையையும் ஒவ்வொரு படியிலும் கையால் வரைய வேண்டும், பொறுமை வேண்டிய வேலை. ஒவ்வொரு தட்டும் வேறொரு தட்டைச் சார்ந்தே நகரும். தாய்த்தட்டைத் திருத்தினால் அதைச் சார்ந்தவை எல்லாம் இடம் மாறும். இதை மறந்து நான் இரண்டு மாத வேலையை இழந்திருக்கிறேன். எந்தத் தட்டு எதைச் சார்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தட்டுகளின் நகர்வைக் கொண்ட சுழற்சிக் கோப்பையும், அவற்றின் உருவத்தைக் கொண்ட வடிவக் கோப்பையும் தனித்தனியே சேமிக்கவும் வேண்டும். உயரம், மழை, ஆறு இவற்றுக்கு வேறு மென்பொருள்தான்.

ஆனாலும் மூன்றாம் உலகத்தில் கிடைத்ததை எந்தத் தூரிகையும் எனக்குத் தந்திருக்காது. வட அமெரிக்காவின் அப்பலாச்சியன், ஐரோப்பாவின் ஸ்காட்லாந்து, நார்வே மலைகள் ஒரு காலத்தில் தொடர்ந்து கிடந்து, பின்னர் அட்லாண்டிக் திறந்தபோது பிரிந்தவை. என் உலகத்திலும் 380-இல் மோதி எழுந்த ஒரு தொடர், 150-இல் கடல் பிளந்ததும் இரண்டாக உடைந்தது. பூஜ்யத்துக்கு வந்து பார்த்தால், இரு கரைகளிலும் தேய்ந்த குன்றுகள் எதிரெதிரே நிற்கின்றன. நான் திட்டமிட்டு வைத்தவை அல்ல அவை. அந்த இரவு வெகுநேரம் உருண்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் உலகம் இப்போது 140-இல் நிற்கிறது. ஒடுங்கிய ஒரு கடல் மூடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு படி இறங்கினால் தீவுச்சரம் கண்டத்தில் மோதும்.