மாறிக்கொண்டே வரும் நாயகன்: சேகரிக்கத் தோது பேட்மேனா, ஸ்பைடர்மேனா?

ஒரு காமிக்ஸ் நாயகன் பல பத்தாண்டுகளில் எப்படியெல்லாம் மாறினான் என்பதை அச்சில் வந்த இதழ்களாகவே வரிசை கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். பேட்மேன் 1939இல் தொடங்கியவர், ஸ்பைடர்மேன் 1962இல். வயதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பேட்மேனை மாற்றியவர்கள் பெரும்பாலும் பதிப்பாசிரியர்கள். ஸ்பைடர்மேனை மாற்றியது, குறைந்தது முதல் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு, கதை. எத்தனை இதழ் வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறுவோம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது.

(லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு: அவர் 1965இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் குற்றவாளியாக அறிமுகமானவர். மார்வெலின் ஸ்பைடர்மேனுக்கும் அவருக்கும் தொடர்பில்லை.)

பேட்மேனைப் பாருங்கள். டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் (மே 1939, விலை 10 சென்ட்) அவர் கையுறை ஊதா நிறம். வில்லன் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான், அவன் மாதிரி ஆளுக்குத் தகுந்த முடிவுதான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். 1940இல் வந்த பேட்மேன் முதல் இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியாலேயே சுடுகிறார். அதோடு சரி. இனி பேட்மேன் துப்பாக்கியால் கொல்லக் கூடாது என்று பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடை போட்டார். 1950களில் காமிக்ஸ் தணிக்கை வந்ததும் அதே பேட்மேன் வேற்றுக்கிரகவாசிகளோடு மல்லுக்கட்டுகிறார். டிடெக்டிவ் 241இல் (மார்ச் 1957) வானவில் நிறங்களில் ஆடை மாற்றிக்கொண்டு வருகிறார். ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற பின் டிடெக்டிவ் 327இல் (மே 1964) மார்பு வௌவாலைச் சுற்றி மஞ்சள் நீள்வட்டம் வருகிறது. டிடெக்டிவ் 395இல் (ஜனவரி 1970) எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் அவரை மறுபடி இருட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். 1986இல் ஃபிராங்க் மில்லர் அவரைக் கிழவராக்கி எழுதினார். அடுத்த ஆண்டே பேட்மேன் 404 முதல் 407 வரை அவருடைய முதலாம் ஆண்டைத் திரும்ப எழுதினார்.

ஒவ்வொன்றும் ஓர் அலுவலக முடிவு. முடிவு அச்சேறிய இதழ் எது என்று சுட்டிக்காட்ட முடியும். அதனால்தான் பன்னிரண்டு முதல் பதினைந்து இதழ்களில் பேட்மேனின் வரலாறு முழுவதையும் ஒரு தட்டில் அடுக்கிவிடலாம். இடையில் நூறு இதழ் விட்டுப்போனாலும் பாதகமில்லை.

ஸ்பைடர்மேனில் இப்படித் தாவ முடியாது. முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர் வளர்கிறான். அமேசிங் ஸ்பைடர்மேன் 28இல் (1965) பள்ளி முடிக்கிறான். 38ஆம் இதழோடு ஸ்டீவ் டிட்கோ விலக, 39இலிருந்து ஜான் ரோமிட்டா வரைகிறார். ஒல்லியாய், கூன் விழுந்து திரிந்த பையன் சில இதழ்களிலேயே தோள் நிமிர்ந்த இளைஞனாகிறான். 185இல் (1978) கல்லூரிப் பட்டமளிப்பு விழா வரை வந்துவிடுகிறான். 1987இன் ஆண்டு மலர் 21இல் கல்யாணம். இந்த மாற்றங்கள் முந்தைய இருபது, முப்பது இதழ்களின் மேல் நிற்பவை. 121ஆம் இதழை (ஜூன் 1973) மட்டும் தனியாக வாங்கி வைத்தால் ஒரு பெண் சாகிறாள் என்பது தெரியும். 31ஆம் இதழில் அறிமுகமான பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைத் தொண்ணூறு இதழ் தொடர்ந்து வந்தவருக்கு மட்டுமே அது இடியாக இறங்கும்.

அந்த 121ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கதைத் தலைப்பு முதல் பக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. கீழே விழும் க்வெனின் காலை ஸ்பைடர்மேனின் வலை பற்றும் கட்டத்தில், கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று சின்னதாக ஓர் ஒலிக்குறிப்பு. விழுந்த அதிர்ச்சியில் செத்தாளா, காப்பாற்ற வீசிய வலையே கழுத்தை ஒடித்ததா? இதற்கான விளக்கம் கதையில் வரவில்லை, 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் வந்தது. தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் கடிதப் பகுதியைச் சேர்ப்பதில்லை. அப்படி விட்டுவிட்ட தொகுப்பை வாங்கியவருக்கு இந்தப் பக்கம் கிடைக்காமலே போய்விடும்.

பேட்மேனிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. பேட்மேனின் இளம் துணைவனான ராபின் வேடத்தை இரண்டாவதாக ஏற்ற ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று 1988இல் வாசகர்களிடமே தொலைபேசியில் வாக்கு கேட்டார்கள். சாக வேண்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72 அழைப்புகள். அந்தத் தொலைபேசி எண்களோடு வந்த விளம்பரம் பேட்மேன் 427இல் இருக்கிறது, முடிவு 428இல். எல்லோரும் 428ஐத் தேடி ஓடுவார்கள். மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கான சான்று 427தான், அதுவும் விளம்பரப் பக்கம் கிழியாத 427. 428 வாங்கும்போது அட்டையை நன்றாகப் படியுங்கள். ராபின் பிழைப்பதாக மாற்றிய பதிப்பு ஒன்றை 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள், அது 1988 இதழ் அல்ல.

பண விஷயத்துக்கு வருவோம். இரண்டு நாயகர்களின் முதல் இதழும் நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ஸ்பைடர்மேன் அறிமுகமான அமேசிங் ஃபேன்டசி 15இன், பத்துக்கு 9.6 தரம் பெற்ற பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. ஆகவே இருவருக்குமே தொடக்க காலத்துக்கு ரீபிரிண்ட்தான் வழி. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது.

பேட்மேனில் 1964க்கு முந்தையவற்றை ஃபேக்சிமிலி (அசலை அப்படியே நகலெடுத்த) பதிப்பாகவோ வேறு மறுபதிப்பாகவோ வாங்கிவிட்டு, 327, 395 போன்றவற்றை நடுத்தரப் பிரதியாகத் தேடலாம். சி.ஜி.சி. போன்ற தர நிறுவனங்களின் 0.5 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் 4.0, 5.0 அளவில் இருந்தாலே மையும் தாளும் அந்தக் காலத்தை முழுதாகச் சொல்லிவிடும். நீல் ஆடம்ஸ் கதைகளுக்கு மட்டும் தொகுப்பு நூலை நம்ப வேண்டாம். 2003இலிருந்து வந்த அவருடைய பேட்மேன் தொகுப்புகளில் பழைய பக்கங்களுக்குப் புதிதாக வண்ணமிட்டு, சில இடங்களில் கோடுகளையே அவர் மாற்றி வரைந்திருக்கிறார். 1970இல் வாசகர் என்ன பார்த்தார் என்பதுதான் உங்கள் தேடல் என்றால் அந்தத் தொகுப்பு தவறான சான்று.

ஸ்பைடர்மேனில் டிட்கோ காலத்தின் 38 இதழ்களை ஆம்னிபஸ் தொகுப்பில் படித்துவிடுவது நல்லது. அறுபதுகளின் பிற்பகுதிக்கும் எழுபதுகளுக்கும் மார்வெல் டேல்ஸ் என்ற மறுபதிப்பு வரிசை கைகொடுக்கும். அதுவும் செய்தித்தாள் ரகத் தாளில் புள்ளி அச்சில் வந்ததுதான். 137ஆம் இதழ் (1982) அமேசிங் ஃபேன்டசி 15இன் கதையை மறுபதிப்பு செய்தது. அசல் இதழ்களைத் தொடர் வரிசையாக வாங்க உகந்த இடம் எண்பதுகளில் 224இலிருந்து (1982) தொடங்கும் பகுதி. 238 (மார்ச் 1983, ஹாப்காப்ளின் என்ற வில்லனின் அறிமுகம்) ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உள்ளே தோலில் ஒட்டும் டாட்டூ தாள் வைத்து விற்றார்கள், அது இல்லாத பிரதி முழுமையற்றது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை 252இல் (மே 1984) வந்துவிடுகிறது, ஆனால் அது கிடைத்த கதை சீக்ரெட் வார்ஸ் 8இல் (டிசம்பர் 1984). வரிசைப்படுத்தும்போது கதை வரிசையைவிட வெளிவந்த வரிசையில் அடுக்குங்கள். அன்றைய வாசகர் ஏழு மாதம் குழம்பியதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

எண் குழப்பத்தில் ஸ்பைடர்மேன் மோசம். ‘அமேசிங் ஸ்பைடர்மேன் 1’ என்று 1963, 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியே வந்திருக்கிறது. 1999இல் திரும்பத் தொடங்கிய எண் 58 வரை போய், அடுத்தது 500 என்று பழைய கணக்குக்குத் தாவியது. டிடெக்டிவ் காமிக்ஸ் இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை: 881க்குப் பிறகு 2011இல் ஒன்றிலிருந்து தொடங்கி 52 இதழ் ஓடி, 2016இல் 934 என்று பழைய எண்ணுக்கே வந்தது. விற்பவரிடம் எண்ணோடு ஆண்டையும் மாதத்தையும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் உள்ள மாதம் கடைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம் தள்ளியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதழ் கைக்கு வந்ததும் தாள் எண்ண வேண்டும். அறுபது, எழுபதுகளின் சாதாரண இதழுக்கு அட்டை நீங்கலாக 32 பக்கம், அதாவது 16 தாள். நடுத்தாள் ஸ்டேபிளிலிருந்து கழன்று காணாமல் போவது சகஜம். 1974, 75 மார்வெல் இதழ்களில் கடிதப் பக்கத்தில் வெட்டிச் சேர்க்கும் ஸ்டாம்ப் இருக்கும். சிறுவர்கள் அதைக் கத்தரித்திருப்பார்கள், மறுபக்கத்தில் ஓட்டை தெரியும். கறுப்பு அட்டை ஓரங்களைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். பேனாவால் பூசிய இடம் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் தெரியும்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் முதலில் கெடுவது ஸ்டேபிள். துரு தாளில் இறங்கினால் திரும்பாது. அமிலம் நீக்கிய போர்டோடு மைலர் (பாலியெஸ்டர்) உறையில் வைத்து, நெருக்கி அடைக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். சாதா பாலிப்ரொப்பிலீன் உறை என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது.

கையிருப்பு குறைவு, சுவரில் மாட்டிக் காட்டும் அளவுக்குத் தெளிவான மாற்றம் வேண்டும் என்பவருக்குப் பேட்மேன். இரண்டு மூன்று ஆண்டு பொறுமையாகத் தேடி, ஒரு மனிதன் இதழுக்கு இதழ் மூப்பதைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு ஸ்பைடர்மேன். ஆழம் அங்கேதான் அதிகம் என்பது எங்கள் கருத்து. அந்த வரிசையை நிறுத்த வேண்டிய இடமும் தெளிவாக இருக்கிறது. 2007 இறுதியில் கடைக்கு வந்த 545ஆம் இதழில் பதிப்பாசிரியர்களின் விருப்பப்படி பீட்டரின் கல்யாணமே நடக்காததாகிவிடுகிறது. பேட்மேனுக்கு நடந்து வந்தது அங்கே இவருக்கும் நடந்தது. ஆண்டு மலர் 21ஐப் பெட்டியின் ஒரு முனையில் வைத்து 545ஐ மறு முனையில் வைத்தால், இடையில் நிற்பது ஏறத்தாழ இருபது ஆண்டு இல்வாழ்க்கை.