அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு 'டிக்கெட்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் பியர் விழாதான் அக்டோபர்ஃபெஸ்ட். அதன் திடலுக்குள் போகக் கட்டணம் கிடையாது. பெரிய பியர்க் கூடாரங்களுக்குள் நுழைவதற்கும் கிடையாது. 2025இல் திடலின் தென்கோடியில் பழைய காலத்து ராட்டினங்களோடு 'ஓய்ட வீஸ்ன்' என்றொரு பகுதி இருந்தது. அதற்கு மட்டும் 4 யூரோ வாங்கினார்கள், அதுவும் பெரியவர்களிடம்தான். இவ்வளவு தெரிந்தாலே பாதி மோசடியிலிருந்து தப்பிவிடலாம். 'குடும்ப நுழைவுச்சீட்டு', 'வரிசையில் நிற்காமல் உள்ளே போகும் பாஸ்' என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் சீட்டுகளுக்குத் திடல் வாசலில் எந்த மதிப்பும் இல்லை. அங்கே பையைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். சீட்டைப் பார்க்க ஆளே இல்லை.

பெரிய தொகை போவது மேசை முன்பதிவில். நியாயமான முறை என்ன என்று தெரிந்தால் ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது புரியும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு நடத்துநர் உண்டு. முன்பதிவு தருவது அவர் மட்டுமே, அவருடைய சொந்தத் தளத்தின் வழியாக. பதிவுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. பொதுவாகப் பத்துப் பேர் மேசையாகத்தான் கிடைக்கும். தலைக்கு இரண்டு லிட்டர் பியருக்கும் அரைக் கோழிக்கும் கூப்பன் முன்கூட்டியே வாங்கச் சொல்வார்கள். 2025இல் ஒரு லிட்டர் பியர், அதாவது ஒரு 'மாஸ்', 14.50 யூரோவிலிருந்து 15.80 வரை விற்றது. அந்தக் கணக்கில் ஒரு மேசைக்கு ஐந்நூறு யூரோவை ஒட்டி வரும். அந்தப் பணமும் சாப்பாடாகவும் பானமாகவும் திரும்பி வந்துவிடும்.

இடைத்தரகர்கள் இதே மேசையை ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விற்கிறார்கள். வேறு யாரோ பெயரில் எடுத்த பதிவைக் கைமாற்றுவதுதான் இவர்கள் வியாபாரம். கைமாற்றக் கூடாது என்று கூடாரங்களின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. கண்டுபிடித்தால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். 2021இல் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, ஒரு கூடார நடத்துநர் தொடுத்த வழக்கில், இப்படி மறுவிற்பனை செய்த நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கு நடத்துநரிடம் எந்த உரிமையும் வராது. காசு கொடுத்தும் வெளியே நிற்க வேண்டி வரலாம்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் வலை இன்னொன்று. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இரவு 8 மணிக்குமேல் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. பெற்றோர் கூட இருந்தாலும் விதி விதிதான். தரகர்கள் விற்பதோ பெரும்பாலும் மாலை நேர மேசை. விலை அதிகம், கேட்பவர்களும் அதிகம். நான்கு வயதுப் பிள்ளை இருப்பதைச் சொல்லி வாங்கினாலும் இந்த விதியை அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, கோழி வந்து, பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கும். பத்துப் பேர் மேசையில் நான்கு பேர் உட்கார்ந்தாலும் கூப்பன் பத்துப் பேருக்கு. இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுப்பதை நினைத்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

உண்மையில் ஒரு குடும்பத்துக்கு முன்பதிவே தேவையில்லை. எல்லா இடத்தையும் முன்பதிவுக்குக் கொடுத்துவிடக் கூடாது, ஒரு பங்கைக் காலியாக வைக்க வேண்டும் என்று நகராட்சி விதி இருக்கிறது. வார நாளில் காலை 10 மணிக்குக் கூடாரம் திறக்கும். 11 மணிக்குள் போனால் நடுக்கூடத்திலேயே மேசை கிடைக்கும். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். அன்று மதியத்துக்குள் கதவை அடைத்துவிடுவார்கள். 2025 செப்டம்பர் 27, ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் மிஞ்சித் திடலையே சிறிது நேரம் மூடினார்கள். அக்டோபர் 3 ஜெர்மனியில் தேசிய விடுமுறை, அதையும் தவிருங்கள். செவ்வாய்க்கிழமை குடும்ப நாள். பகலிலிருந்து மாலை வரை ராட்டினங்களிலும் பல கடைகளிலும் விலை குறைவு. 2026இல் விழா செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. அதில் வரும் செவ்வாய்க்கிழமைகள் செப்டம்பர் 22, 29.

குழந்தை வண்டிக்கும் கட்டுப்பாடு உண்டு. சனிக்கிழமைகளிலும் அக்டோபர் 3 அன்றும் நாள் முழுக்கத் தடை. மற்ற நாள்களில் மாலை 6 மணியோடு சரி. பை 20 x 15 x 10 சென்டிமீட்டருக்குள், அதாவது மூன்று லிட்டர் கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும். முதுகுப்பையோடு போனால் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். அருகில் உள்ள பொருள் காப்பிடத்தில் காசு கொடுத்து வைக்க வேண்டியதுதான். கண்ணாடிப் பாட்டில் எதுவும் உள்ளே போகாது.

மேசைக்கு வந்தபிறகு கவனிக்க வேண்டியது குவளையை. மாஸ் குவளையில் ஒரு லிட்டர் அளவுக்குக் கோடு போட்டிருக்கும். நுரை அடங்கியபின் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றால் நிரப்பித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். குறைத்து ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே மியூனிக்கில் 1899இல் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள் என்றால் இது எவ்வளவு பழைய வழக்கு என்று பாருங்கள். குவளை வந்ததும் அப்போதே பணம் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கம் இருக்கட்டும், சில்லறையை எண்ணி வாங்குங்கள். குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல' கிடைக்கும். தண்ணீரே லிட்டர் 10 யூரோவை ஒட்டி வரும் என்பதால் பிள்ளைகளுக்குக் கேட்கும் முன் விலைப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சைவக்காரர்கள் பாலாடைக்கட்டி போட்ட 'கேஸ் ஷ்பெட்ஸ்ல' கேட்கலாம், ஆனால் அதன் மாவில் முட்டை உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் 'ப்ரெட்ஸ்' என்ற பெரிய உப்பு ரொட்டிதான் எளிது. குவளையை நினைவுப் பொருளாக எடுத்துவராதீர்கள். அது திருட்டு, வாசலில் பிடிப்பார்கள். கடையில் விலைக்கே கிடைக்கிறது.

திரும்பும்போது திடலுக்கு வெளியே மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் நிற்கும். பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள் என்று சட்டென்று ஏறிவிடுவோம். இறங்கும்போதுதான் சொன்ன தொகை ஆளுக்கு என்பது தெரியும். மொத்தமாகவா, தலைக்கா என்று கேட்டு, தொகையை அலைபேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே ஏறுங்கள். போவதற்கும் வருவதற்கும் ரயில்தான் நல்லது. தெரேசியன்வீஸ நிலையத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும், குழந்தையோடு அங்கே இறங்க வேண்டாம். யு3, யு6 தடத்தில் கோதேபிளாட்ஸ் அல்லது போச்சிஷ்ட்ராஸ நிலையத்தில் இறங்கி நடந்தால் கொஞ்சம் நிம்மதி. ஒரே குழு நாள் சீட்டில் ஐந்து பெரியவர்கள் வரை போகலாம். 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் இருவரை ஒரு பெரியவராகக் கணக்கிடுவார்கள். சீட்டில் 'முத்திரையிடுக' என்றிருந்தால் ஏறுமுன் நீலப் பெட்டியில் செருகி முத்திரை வாங்குங்கள். மறந்தால் 60 யூரோ அபராதம்.

ஏற்கெனவே தரகருக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? விழா வரை காத்திருக்காதீர்கள். கூடாரத்தின் பெயர், நாள், நேரம், மேசை எண், பதிவு யார் பெயரில் இருக்கிறது என்ற ஐந்தையும் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். அவற்றை அந்தக் கூடாரத்தின் முன்பதிவு அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பதிவு செல்லுமா என்று விசாரியுங்கள். செல்லாது என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் ஆதாரம். அட்டையில் கட்டியிருந்தால் அந்தப் பதிலை இணைத்து, பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிடுங்கள். இதற்குக் கெடு உண்டு, அதனால் அன்றே செய்யுங்கள். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியிருந்தால் திரும்பக் கிடைப்பது கடினம். அப்படி மட்டும் கேட்கும் தரகரிடம் பேச்சையே தொடர வேண்டாம். திடலில் இருக்கும்போது பிரச்சினை என்றால் ஷோட்டன்ஹாமெல் கூடாரத்துக்குப் பின்னால் உள்ள சேவை மையத்துக்குப் போங்கள். காவல்துறை, முதலுதவி, தொலைந்த பொருள், வழி தவறிய குழந்தைகளுக்கான இடம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. உள்ளே நுழையும் முன்பே பிள்ளையின் மணிக்கட்டில் நாட்டுக் குறியீட்டோடு உங்கள் அலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள்.